வேப்பிலை கட்டிய கேட்

முகமூடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்த கதையை நம் வயதுக்காரர்கள் பிள்ளைகளிடம் சொல்லும்போது, உலகத்திலேயே முதல் தடவையாக நமக்குத்தான் அது நடந்த மாதிரி சொல்கிறோம். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். காதோரம் நரைக்க ஆரம்பித்தால் கொஞ்சம் அளக்கத்தான் தோன்றும். ஆனால் எனக்கு அது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் ஆறாம் வகுப்பு. இரண்டாயிரத்து ஒன்பது. பன்றிக் காய்ச்சல் என்று டிவியில் நாள் முழுக்க ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்காது. உங்கள் வீட்டில் அது டிவியோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அது கேட்டைத் தாண்டி உள்ளே வரப் பார்த்தது. வரவிடாமல் நாங்கள் அடித்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அம்மா கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா மஸ்கட்டில். நானும், இன்னும் பள்ளிக்கூடம் சேராத தம்பியும் அம்மாவோடு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா டியூட்டிக்குப் போனால் கீழ்வீட்டு அக்கா எங்களைப் பார்த்துக்கொள்வார். அம்மாவைக் காய்ச்சல் வார்டில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த மறுநாளே அந்த அக்காவுக்கு ஊரில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. பள்ளியிலும் லீவு விட்டுவிட்டார்கள். அம்மா வந்ததும் நேராகப் பாத்ரூமுக்குப் போய்த் தலைக்குக் குளிப்பாள். அதற்கப்புறமும் எங்களைத் தொடாமல் தள்ளியே படுப்பாள். தம்பி அழுவான். நான் பெரிய மனுஷி மாதிரி அழாமல் இருந்தேன்; உள்ளுக்குள் அவனைவிட அதிகமாக அழுதேன்.

கடைசியில் ஒருநாள் துணிமணியை மூட்டை கட்டி எங்களைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினாள். அப்போது ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டால் வழியில்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று போன அந்தப் பஸ்ஸில் அம்மா எங்களுக்குப் பின் சீட்டில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

அம்மாவின் அப்பா வீடு சிதம்பரத்தில், வடக்கு வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தது. அங்கேதான் சிக்கல். அம்மாவின் தங்கை, என் சித்தி, வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அதற்கு முன்னால் இரண்டு தடவை வயிற்றில் உண்டானது தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவைதான் வளையல் அடுக்கும் வரைக்கும் வந்திருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் ஆபத்து, ஜாக்கிரதை என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னவள் அம்மா. அதே அம்மாதான் காய்ச்சல் வார்டுக்காரி வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து கேட்டில் நிறுத்தியிருந்தாள்.

ஒரு மகளைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னொரு மகளின் பிள்ளைகளை ரோட்டில் நிறுத்த வேண்டும். தாத்தாவும் ஆயாவும் அன்று என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம் தாத்தா, இந்தப் பக்கம் நாங்கள் என்பதுதான்.

ஆயாதான் வந்து தாழ்ப்பாளை நீக்கினாள். "பெத்ததுல பாதிய உள்ள வெச்சிக்கினு பாதிய ரோட்டுல வுட முடியாது," என்றாள். அம்மா எங்களை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

தாத்தா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர் சிதம்பரம் ரூட்டில் அவர் ஏற்றாத ஜனம் கிடையாது. படியில் தொங்குகிறவனை உள்ளே தள்ளுவதும், உள்ளே இருக்கிறவனைப் பின்னால் நகர்த்துவதும் அவருக்குக் கைவந்த கலை. அந்தப் புத்தியோடு வீட்டைப் பிரித்தார். முன் அறையில் அவரும் நாங்களும். பின் அறையில் ஆயாவும் சித்தியும். நடுக்கூடத்தில் ஆயாவின் பழைய சுங்குடிப் புடவையைக் குறுக்கே கட்டினார்கள். கல்யாணமான நாளிலிருந்து பிரிந்து படுக்காத தம்பதி, எங்களால் ஒரே வீட்டுக்குள் தனிக்குடித்தனம் போனார்கள்.

பாத்ரூம் தோட்டத்தில் இருந்ததால், நாங்கள் போகும்போது சித்தி நடுவில் வந்துவிடக் கூடாது. அதற்குத் தாத்தா ஒரு வழி வைத்திருந்தார். அவருடைய பழைய விசில். கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போகலாம். சித்தி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தால் ஒரு விசில். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் இரண்டு விசில், நாங்கள் தோட்டத்துக்கு ஓடுவோம். தம்பிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அவசரமே இல்லாமல் அடிக்கடி அவசரம் என்று எழுந்து நிற்பான். அந்த விசில் சத்தமும், புடவைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தி சிரிக்கிற சத்தமும் எனக்கு இன்றைக்கும் அப்படியே கேட்கின்றன. விசிலைத்தான் பிறகு யாரோ தொலைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் பார்த்தார்கள். எங்களுக்குக் காய்ச்சலும் இல்லை, தும்மலும் இல்லை. தாத்தா திரையை அவிழ்த்தார். நான் ஓடிப்போய்ச் சித்தி மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன். உள்ளே இருந்து ஒரு கால் என் கன்னத்தில் உதைத்தது. அந்தச் சந்தோஷத்தை எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை.

எங்களால் ஆபத்தில்லை என்று ஆனபிறகுதான் நிஜமான ஆபத்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வர ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள். வாயும் வயிறுமாக ஒரு பெண் தாய்வீடு வந்திருந்தால் நம் பக்கத்தில் சும்மா விடுவார்களா? ஒருத்தி புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவாள். ஒருத்தி அதிரசம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு கூட்டம் பூவும் பழமுமாக வந்து, சித்தியின் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கன்னத்தை வழித்து நெற்றியில் நெட்டி முறித்துவிட்டுப் போனது. வராதே என்று எப்படிச் சொல்வது? பன்றிக் காய்ச்சலென்றால் பன்றியிடமிருந்து வருவது என்று பாதிப் பேர் நினைத்தார்கள். தாத்தாவே முதலில் சந்தில் போகிற பன்றிகளைக் கல்லெடுத்து விரட்டிக்கொண்டிருந்தவர்தான். அம்மா போனில் சத்தம் போட்ட பிறகு நிறுத்தினார்.

ஓர் அட்டையில், காய்ச்சல் காலம், பிறகு வரவும் என்று எழுதிக் கேட்டில் தொங்கவிட்டுப் பார்த்தார். கண்டக்டர் ரிட்டையர் ஆகியும் இடமில்லை என்று போர்டு போடுகிறார் என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் அட்டையை நகர்த்திவிட்டு உள்ளே வந்தார்கள்.

தாத்தாவின் தங்கை சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த நாள்தான் எல்லாம் மாறியது. நல்ல மனுஷி. முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தார். சித்தி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறியதிலிருந்து தொண்டை கரகரப்பு என்று சொல்லிக்கொண்டே அவள் முகத்துக்கு நேராக இருமினார். வாயைக்கூட மூடவில்லை. வாசற்படியில் நின்றிருந்த தாத்தாவின் முகம் செத்துப்போனது. தங்கையை எழுந்து போ என்று அவரால் சொல்ல முடியவில்லை. காபி கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தாத்தா வேப்பங்கிளைகளோடு வந்தார். பெரிய கொத்தாகக் கட்டி, கேட்டில் இரண்டு பக்கமும் செருகினார். வாசற்படி நிலையிலும் ஒரு கொத்து. அவ்வளவுதான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்டில் வேப்பிலை இருந்தால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. மாரியம்மன் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்நிய ஆள் உள்ளே போகக் கூடாது. டாக்டர் சொன்னால் மீறுவார்கள், கலெக்டர் சொன்னால் மீறுவார்கள், வேப்பிலையை மீற நம் ஊரில் ஆள் கிடையாது. பால்காரர் அன்று மணியடிக்கவில்லை. பாலைக் கேட்டருகில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். எதிர்வீட்டு அம்மாள் இளநீர் கொண்டுவந்து வெளியிலேயே வைத்தார். யாருக்கு என்று தூரத்திலிருந்து கேட்டவர்களிடம் தாத்தா, பிள்ளைக்கு என்று மட்டும் சொல்லி மேலே கையைக் காட்டினார். அந்தப் பிள்ளை நான்.

ஆயாவுக்கு உதறல் எடுத்தது. அம்மன் பேரில் விளையாடினால் குடும்பம் விளங்குமா என்று தாத்தாவைப் பிடித்து உலுக்கினாள். அவர் பிடிவாதமாக நின்றதும் ஒரு முடிவுக்கு வந்தாள். வேப்பிலை கட்டியாகிவிட்டது, இனி அம்மை போட்ட வீட்டுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் நடக்க வேண்டும். தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. கறி, மீன் என்று மூச்சுவிடக் கூடாது. நான் வேப்பிலை போட்ட பாயில்தான் படுக்க வேண்டும். தலைவாரக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காகவே நான் அம்மனை மனதாரக் கும்பிட்டேன். சாப்பாடுதான் கஷ்டம். கடுகு வெடிக்காத ரசத்தைத் தம்பி தட்டோடு நகர்த்திவைத்துவிட்டு, அக்காவுக்கு எப்போது சரியாகும் என்று நிஜமாகவே கேட்பான். அவனுக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் சந்து முழுக்கச் சொல்லிவிடுவான்.

விஷயம் போனில் அம்மாவுக்குப் போனது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தாத்தாவின் நோக்கியாவில் ஸ்பீக்கர் போடாமலே அம்மாவின் குரல் கூடம் வரைக்கும் கேட்டது. நான் இங்கே நர்ஸ் வேலை பார்க்கிறேன், என் அப்பா காய்ச்சலுக்கு வேப்பிலை கட்டுகிறார் என்று வெளியில் தெரிந்தால் நான் வார்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா என்று கொதித்தாள். தாத்தா அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, வேப்பிலை காய்ச்சலுக்கு அல்ல, சொந்தக்காரர்களுக்கு என்றார். பிறகு அம்மா சிரித்தாள். அவள் அந்த வார்டுக்குப் போனதிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது. "யப்பா, கொத்து சின்னதா இருக்கப் போவுது. நல்லா பெருசா கட்டு," என்றாள்.

ஓய்வு நாளில் அம்மா வருவாள். எதிர்வீட்டுச் சன்ஷேடுக்குக் கீழே நின்றுகொண்டு, கேட்டுக்கு உள்ளே நிற்கும் எங்களைப் பார்ப்பாள். தம்பி கம்பிகளுக்கு நடுவில் கையை நீட்டுவான். அவள் தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒரு பையில் பிஸ்கட்டும் முகமூடிகளும் வைத்துவிட்டுப் போவாள். அம்மை போட்ட வீட்டுக்குள், மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமான பெண்கள் வரக் கூடாது அல்லவா? எதிர்வீட்டு அம்மாள் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டு, படித்த பெண்ணாக இருந்தும் முறை தெரிந்து நிற்கிறாளே என்று மெச்சினார். அடுத்த தடவையும் மெச்சினார். அதற்கும் அடுத்த தடவை அம்மா அதே இடத்தில் நின்றபோது ஆயாவிடம் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, பெரிய பொண்ண நல்ல டாக்டர் யார்கிட்டயாவது காட்டக் கூடாதா?" என்று கேட்டார். ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், தாத்தாவின் கணக்கில் விட்டுப்போன ஓர் ஆள் வந்து நின்றார். சித்தியின் மாமியார்.

தாத்தா சந்துக்காரர்களை நினைத்தார், தங்கையை நினைத்தார். அம்மை போட்ட வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மருமகள் இருக்கிறாள் என்ற செய்தி சித்தியின் புகுந்தவீடான பெண்ணாடத்துக்குப் போனால் அங்கே என்ன நினைப்பார்கள் என்று நினைக்கவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரு மத்தியானம் வாடகை டாடா சுமோ சந்து முனையில் வந்து நின்றது. மாமியார் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் சித்தப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

மாமியார் கேட்டுக்கு மூன்றடி தள்ளி நின்று, வேப்பிலையைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். "அண்ணே, எம் மருமவள அனுப்புங்க. அம்மை போட்ட வீட்டுல வாயும் வயிறுமா இருக்கறவள யாராவது வெச்சிருப்பாங்களா? அங்க ஆளுக்கா பஞ்சம்? கொழுந்தன் மவ கல்யாணத்துக்கு வந்த ஜனமே இன்னும் போவல. மெட்ராஸ்லேருந்து பேரப்பசங்கல்லாம் வந்திருக்கு. அதுங்களுக்குத்தான் லேசா ஜலதோஷம், மத்தபடி வீடே ஜேஜேன்னு இருக்கு."

ஜலதோஷம் என்றதும் தாத்தா கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அம்மை இல்லை என்று உண்மையைச் சொன்னால், சந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். அம்மைதான் என்று நின்றால், சித்தி சுமோவில் ஏறி அந்த ஜலதோஷ வீட்டுக்குப் போக வேண்டும். எத்தனையோ கூட்டத்தைச் சமாளித்த மனிதர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்தபடி நின்றார். நான் பயத்தில் அழத் தயாரானேன்.

ஆயா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அத்தனை நாளும் அம்மன் பேரில் விளையாடாதே என்று நடுங்கியவள், அன்று நடுங்கவில்லை. கேட்டருகில் போய் நிதானமாகப் பேசினாள்.

"கூட்டிக்கினு போங்க சம்பந்தி, உங்க மருமவ, நான் தடுக்க மாட்டேன். ஆனா தலைக்குத் தண்ணி ஊத்தாம இந்தப் படிய தாண்டினா அவ மட்டும் வரமாட்டா. கூட ஆத்தாளும் வருவா. உங்க வீட்டுல கல்யாண ஜனம் இருக்குன்றீங்க, பசங்க இருக்குன்றீங்க. பரவால்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே பொடவைய எடுத்து வெக்கச் சொல்றேன்."

மாமியார் ஓரடி பின்னால் போனார். சித்தப்பா அவர் தோளைத் தொட்டார். அப்போது பின்னால் நடையில் சத்தம் கேட்டது. சித்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படிவரை வந்திருந்தாள். மாமியார் முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே கிடையாது. "அத்த, ரெண்டு தடவ போச்சு," என்றாள். "இந்தத் தடவ நான் இங்கயே இருக்கேன்." குரல் உடையவில்லை. கேட்கிற தொனியும் இல்லை.

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கேட்டின் அடியில் வைத்துவிட்டுத் திரும்பிச் சுமோவில் ஏறினார். வண்டி சந்தைத் தாண்டியதும் தாத்தா வாயில் விசிலை வைத்து இரண்டு தடவை ஊதினார். ஆயா அவரைத் திட்டினாள். நாங்கள் எல்லோரும், தம்பி உட்பட, எதற்கென்று தெரியாமல் கைதட்டினோம்.

அடுத்த வாரம் சித்தப்பா போன் செய்தார். பெண்ணாடத்து வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். மாமியாருக்குத்தான் ரொம்ப முடியவில்லை. நல்லவேளையாக எல்லோரும் பிழைத்து எழுந்தார்கள். தாத்தா போனை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு புது வேப்பிலை ஒடிக்கப் போனார்.

எனக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள் நெருங்கியதும் தம்பிக்கு அம்மை போட்டது. அதாவது போட்டதாகத் தாத்தா அறிவித்தார். ஒரு வீட்டில் அம்மை ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தாவுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் எனக்கு அம்மை லீவுதான். மழைக்காலம் முழுக்க வேப்பிலை வாடாமல் இருந்தது. பிரசவத்துக்குச் சொன்ன நாள் வருவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை, சந்தே வேடிக்கை பார்க்க, முறைப்படி ஊற்றினார்கள். அம்மாவை வார்டிலிருந்து மாற்றியிருந்தார்கள். அவளும் கடலூர் வீட்டில் தனியாகக் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு வந்துசேர்ந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவள் எங்கள் இருவரையும் சேர்த்து அணைத்தாள், ஈரத்தலையோடு, வெகுநேரம். அதன் பிறகு என் தலையைப் பார்த்தாள். அந்தச் சிக்கை அவள் எடுத்த கதையை நான் சொல்ல விரும்பவில்லை.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல தொண்டை. ஆஸ்பத்திரியில் அம்மாதான் முதலில் கையில் வாங்கினாள்.

தீட்டுக் கழித்துப் பேர் வைக்கிற நாளன்று பெண்ணாடத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். மாமியார் இளைத்துப்போயிருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் அம்மன் இருந்ததால்தான் காய்ச்சல் என் பேத்தி பக்கம் வரவில்லை, பேர் முத்துமாரி என்றார். கூட்டம் தலையாட்டியது. ஆயா தரையைப் பார்த்தாள். அம்மா தாத்தாவைப் பார்த்தாள். தாத்தாவுக்கு அதற்கு மேல் அந்தப் பொய் தாங்கவில்லை. எழுந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, நான் ஒண்ணு சொல்லணும். இந்த வூட்டுல யாருக்கும் அம்மை போடல. ஜனம் உள்ள வராம இருக்கணும்னு நான்தான் வேப்பிலைய கட்டினேன்."

எதிர்வீட்டு அம்மாள் கையிலிருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. மாமியார் தாத்தாவைப் பார்த்தார், ஆயாவைப் பார்த்தார், மடியில் கைகால் உதைத்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார்.

"யாருக்குமே போடலியா?"

"யாருக்கும் போடல."

"அப்ப ஆத்தா ஒருத்தர் மேலயும் கை வெக்காம, வாசல்ல நின்னு காவல் மட்டும் காத்துட்டுப் போயிருக்கா," என்றார் மாமியார். "பேரு அதேதான். இந்தாங்கண்ணே, புள்ளைய வாங்குங்க. மூணு தடவ நீங்களே சொல்லுங்க."

தாத்தா குழந்தையை வாங்கினார். முதல் தடவை சொல்லும்போது குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவை குழந்தைக்குக் கேட்டது. மூன்றாவது தடவை வடக்கு வீதி வரைக்கும் கேட்டது.